உப்பு போன வழியும் சைக்கிள் போகிற வழியும்

மூன்று வருடத்துக்கு முன்னால் நான் இங்கே ஒரு சைக்கிள் பாதையின் ஜிபிஎஸ் கோப்பைப் போட்டிருந்தேன். பெரிய முதலியார்சாவடியில் கிளம்பி, ஈசிஆரில் வடக்கே போய், மரக்காணம் உப்பளத்துக்குள் இறங்கி, பாத்தி வரப்புகள் மேலேயே ஒரு 6 கிலோமீட்டர் ஓட்டி, திரும்ப ஈசிஆரில் ஏறும் பாதை. இரண்டு பக்கமும் கண்ணாடி மாதிரி தண்ணீர், நடுவில் ஒன்றரை அடி அகல வரப்பு, தூரத்தில் வெள்ளை உப்புக் குவியல். போட்டோவுக்குச் சொல்லவா வேண்டும்? நான் எழுதிய பாதைகளிலேயே அதிகம் பேர் தரவிறக்கியது அதுதான்.

அந்தக் கோப்பை எடுத்துவிட்டேன். ஏன் எடுத்தாய் என்று சிலர் மின்னஞ்சலில் கேட்டிருந்தார்கள். இந்தக் கட்டுரைதான் பதில். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள். சங்க காலத்தில் தொடங்கி அயோடின் வரைக்கும் போக வேண்டியிருக்கிறது.

நடந்தது இதுதான். ஒரு பிப்ரவரி மாதக் காலை. நானே அந்தப் பாதையில் மறுபடி போயிருந்தேன். விடிந்து அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது, ஆனால் உப்பு வாருகிறவர்கள் பாதி வேலையை முடித்திருந்தார்கள். வெயிலுக்குப் பயந்து இருட்டிலேயே இறங்கிவிடுவார்கள். அறுபது வயதிருக்கும் ஒரு அம்மா, கையில் உப்பு வாரும் பலகையோடு, என்னைப் பார்த்து நின்றார்.

"ஏம்பா, இது இன்னா ரோடா?"

"இல்லம்மா, வரப்பு மேலதான் போறேன். பாத்திக்குள்ள எறங்கல."

"வரப்புதாம்பா எல்லாமே. போன வாரம் பத்துப் பேரு இப்படித்தான் வந்தாங்க. வரப்பு வாய் வுட்டுச்சு. தண்ணி மாறிப் போச்சு. பத்து நாளு வேல போச்சு எங்களுக்கு."

அந்தப் பத்துப் பேருக்கு வழி சொன்னது யார் என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்த வழியே திரும்பினேன். உருட்டுவதற்குக்கூடக் கூச்சமாக இருந்தது.

வரப்பு உடைந்தால் என்ன ஆகும்?

என்ஜினியர் புத்தி, காரணம் தெரியாமல் தூக்கம் வராது. பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். கடல் தண்ணீரின் அடர்த்தி போமே அளவுகோலில் சுமார் 3 டிகிரி. அதை ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்கு மாற்றி மாற்றி, வெயிலிலும் காற்றிலும் காயவிட்டு, 25 டிகிரிக்குக் கொண்டுவந்தால்தான் உப்பு மணி கட்டத் தொடங்கும். 29, 30 டிகிரிக்கு மேல் விட்டால் மக்னீசிய உப்புகள் சேர்ந்து கசக்கும், அதற்கு முன்னால் மிச்சத் தண்ணீரை வடித்துவிட வேண்டும். ஆக, உப்பளம் என்பது வேறு வேறு அடர்த்தியுள்ள தண்ணீரைத் தனித்தனியாக நிறுத்தி வைக்கும் ஏற்பாடு. நிறுத்தி வைப்பது எது? களிமண் வரப்பு. அது வாய் விட்டால் 10 டிகிரித் தண்ணீர் 24 டிகிரித் தண்ணீரோடு கலந்துவிடும். பல நாள் வெயில் செய்த வேலை ஒரு மணி நேரத்தில் போய்விடும்.

மனிதன் வெறுங்காலோடு நடந்தால் வரப்பு இறுகும். முள் முள்ளாக இருக்கும் சைக்கிள் டயர் அதே கோட்டில் பத்து முறை ஓடினால் பள்ளம் விழும், விளிம்பு உதிரும். நான் "பாதை" என்று வரைந்த கோடு, மென்பொருள் பாஷையில் சொன்னால், ஓடிக்கொண்டிருக்கிற சர்வரின் உள் உறுப்பு. நான் அதை வெளியாள் நடக்கும் தாழ்வாரம் என்று நினைத்துவிட்டேன்.

அப்போதுதான் ஒரு கேள்வி பிடித்துக்கொண்டது. இந்தக் கடற்கரையில் உண்மையான பாதைகள் எவை? யார், எதற்காகப் போட்டார்கள்? வரலாற்றில் எது பொதுவழியாக இருந்ததோ அதில் சைக்கிள் ஓட்டலாம் என்று ஒரு விதி வைத்துக்கொண்டால் என்ன?

ஊர்ப் பெயரிலேயே இருக்கிற வழி

2020 ஊரடங்கில் வீட்டிலிருந்து வேலை என்றானதும் நான் பெரிய முதலியார்சாவடிக்குக் குடி வந்தேன். புதுச்சேரிக்கு வடக்கே, ஆரோவில் மேட்டுக்கும் கடலுக்கும் நடுவில், விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில் இருக்கிற ஊர். ரொம்ப நாள் அந்தப் பெயரை யோசித்ததே இல்லை. சாவடி என்றால் வழிப்போக்கர் தங்குகிற இடம், ஊர்ப் பொது மண்டபம். வண்டியை அவிழ்த்து, மாட்டுக்குத் தண்ணி காட்டி, கட்டுச்சோற்றைப் பிரிக்கிற இடம்.

ஒரு ஊருக்கு அந்தப் பெயர் இருந்தால் தற்செயல் எனலாம். இங்கே பாருங்கள்: சின்ன முதலியார்சாவடி, பெரிய முதலியார்சாவடி, கொஞ்சம் வடக்கே பிள்ளைச்சாவடி, மேட்டின் மேலே இடையஞ்சாவடி. சில கிலோமீட்டருக்குள் நான்கு சாவடி. இதெல்லாம் கடலோரமாகவும் உள்நாட்டுப் பக்கமாகவும் ஆட்கள் நடந்த, வண்டி ஓட்டிய வழிகளின் மிச்சம். வடக்கே போனால் அனுமந்தையில் இன்னொரு சாவடி உண்டு. சுங்கச்சாவடி. முன்பு சாவடியில் இளைப்பாறினார்கள், இப்போது காசு கட்டுகிறார்கள். சைக்கிளுக்கு இன்னும் இலவசம்.

ஈசிஆர் எப்போதும் இப்படி இருந்ததில்லை என்பதை இளைஞர்களுக்குச் சொல்ல வேண்டும். 1990கள் வரை சென்னையிலிருந்து புதுச்சேரி போக வேண்டுமென்றால் பெரும்பாலும் திண்டிவனம் சுற்றித்தான் போவார்கள். கடலோரத்தில் இருந்தது துண்டு துண்டான கிராமச் சாலைகள். அவற்றை இணைத்து அகலப்படுத்தி, 2002இல் சுங்கச் சாலையாக்கினார்கள். இப்போது மாமல்லபுரத்திலிருந்து தெற்கே, பகுதி பகுதியாக நான்கு வழிச் சாலையாகிக்கொண்டிருக்கிறது.

முதல் வழிகாட்டி நூல்

சைக்கிள்காரர்கள் எழுதும் வழிக்குறிப்பில் என்ன இருக்கும்? இங்கே கிளம்பு, இத்தனை தூரத்தில் இந்த ஊர் வரும், அங்கே இன்ன சாப்பாடு கிடைக்கும், அடுத்து நிலம் மாறும், கடைசியில் இங்கே போய்ச் சேருவாய். இதே அமைப்பில், இதே மண்ணுக்கு, ஏறக்குறைய 1,800 வருடத்துக்கு முன்பே ஒன்று இருக்கிறது. சிறுபாணாற்றுப்படை.

ஆற்றுப்படை என்ற சொல்லுக்கே வழிப்படுத்துதல் என்றுதான் பொருள். பரிசு வாங்கி வரும் பாணன் ஒருவன், எதிரே வரும் இன்னொரு பாணனுக்கு, ஓய்மா நாட்டு நல்லியக்கோடனிடம் போகும் வழியைச் சொல்கிறான். 269 அடிப் பாட்டு. முதலில் எயிற்பட்டினம், கடலோர ஊர், பரதவர் வீட்டில் கள்ளும் சுட்ட மீனும். அடுத்து வேலூர், முல்லை நிலம், அங்கே எயினர் வீட்டில் புளிச்சோறும் இறைச்சியும். அடுத்து ஆமூர், வயல் நிலம், வெண்சோறும் நண்டும். கடைசியில் மன்னனுடைய கிடங்கில். எயிற்பட்டினத்தை மரக்காணம் என்றும், கிடங்கிலைத் திண்டிவனத்தில் இருக்கும் கிடங்கல் என்றும் அறிஞர்கள் அடையாளம் காண்கிறார்கள். வானூர்ப் பக்கத்து உப்புவேலூர்தான் அந்த வேலூர் என்று கொள்வோரும் உண்டு.

பாடியவர் பெயரைக் கவனியுங்கள்: இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். கழிக்கும் கடலுக்கும் இடையில் இருக்கிற நாடு இடைக்கழிநாடு. அந்தப் பெயர் இன்றும் உயிரோடு இருக்கிறது. மரக்காணத்துக்கு வடக்கே, கடப்பாக்கம் இருக்கும் பேரூராட்சிக்குப் பெயர் இடைக்கழிநாடு. இவ்வளவு காலம் கழித்தும் பெயர்ப்பலகையில் அந்தச் சொல்லைப் பார்க்கும்போது நான் ஒவ்வொரு முறையும் சைக்கிளை நிறுத்திவிடுகிறேன்.

எனக்கு இதில் பிடித்த விஷயம் வேறு. அந்தப் பாணன் சொல்லும் வழியில் எல்லாமே ஆட்கள். ஒவ்வொரு நிலத்துக்கும் அங்கே உழைக்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் வீட்டில்தான் சாப்பாடு. நிலத்தைப் படமாக மட்டும் பார்த்தது நான்தான். என் கோப்பில் 6 கிலோமீட்டர் வரப்பு இருந்தது, ஒரு ஆள்கூட இல்லை.

உமணரின் ஸ்டெப்னி

உப்பு கடலோரத்தில் விளைகிறது, தேவைப்படுவது எல்லா இடத்திலும். அதனால் உப்புக்கு வழி வேண்டும். சங்கப் பாடல்களில் உமணர் என்ற உப்பு வணிகர்கள் குடும்பத்தோடு, கூட்டம் கூட்டமாக வண்டி ஓட்டிக்கொண்டு உள்நாட்டுக்குப் போகிறார்கள். மேடு பள்ளமான வழி, பாரம் அதிகம், அச்சு முறியும். அதற்காக வண்டிக்கு அடியில் இன்னொரு அச்சைக் கட்டி வைத்திருப்பார்கள். அதற்குச் சேமஅச்சு என்று பெயர். புறநானூற்றில் ஔவையார், அதியமானின் மகன் பொகுட்டெழினியை அந்தச் சேமஅச்சுக்கு ஒப்பிடுகிறார்.

சீட்டுக்கு அடியில் ஒரு மாற்று டியூபைக் கட்டிக்கொண்டு போகிற நாங்கள் எல்லோரும் அந்த உமணரின் வாரிசுகள். புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் அறிவுரையும் அதுதான். மரக்காணம் வழியில் கருவேல முள் நிறைய, ஒரு டியூப் போதாது, இரண்டு வைத்துக்கொள்ளுங்கள்.

உப்புக்குப் போட்ட எல்லைக்கோடு

பெரிய முதலியார்சாவடியிலிருந்து வடக்கே ஓட்டினால் ஒரு வேடிக்கை. பொம்மையார்பாளையம் தமிழ்நாடு. சற்று தூரத்தில் பிள்ளைச்சாவடி, காலாப்பட்டு, கனகசெட்டிகுளம், இதெல்லாம் புதுச்சேரி. அதைத் தாண்டினால் மறுபடி தமிழ்நாடு. ஒரு மணி நேரத்துக்குள் இரண்டு முறை மாநில எல்லை தாண்டியிருப்பீர்கள். கடைப் பலகையும் பெட்ரோல் விலையும் மாறுவதை வைத்துத்தான் தெரியும்.

இந்தத் துண்டு நிலங்கள் பிரெஞ்சுக்காரர்களின் மிச்சம். நெப்போலியன் காலப் போர்கள் முடியும் தறுவாயில், 1815 மார்ச்சில் லண்டனில் ஒரு ஒப்பந்தம். பிரெஞ்சுப் பகுதிகளில் விளையும் உப்பை வாங்கும் தனி உரிமை ஆங்கிலக் கம்பெனிக்கு. அதற்கும் அபினி தொடர்பான சலுகைக்குமாக பிரான்சுக்கு வருடம் 4 லட்சம் சிக்கா ரூபாய். 1818இல் இன்னொரு ஒப்பந்தம் போட்டு, பிரெஞ்சுப் பகுதிகளில் உப்பு விளைவிப்பதையே நிறுத்தினார்கள். அளத்துக்காரர்களுக்கு இழப்பீடு, ஊருக்குத் தேவையான உப்பு ஆங்கிலேயரிடமிருந்து. கடலை ஒட்டியே இருக்கிற ஊர், உப்பை வெளியிலிருந்து வாங்க வேண்டும். காரணம் சுலபம்: உப்பு வரி. எல்லைக்கு அந்தப் பக்கம் வரி இல்லாத உப்பு விளைந்தால் இந்தப் பக்கம் கடத்திவிடுவார்கள்.

1930இல் காந்தி தண்டியிலும் ராஜாஜி வேதாரண்யத்திலும் உப்பெடுத்தார்கள் என்பது பள்ளிக்கூடப் பாடம். அடுத்த வருடம் வந்த காந்தி–இர்வின் ஒப்பந்தத்தின் உப்புப் பிரிவு பாடத்தில் அவ்வளவாக வராது. உப்பு கிடைக்கும் இடத்தை ஒட்டிய கிராமத்தார் வீட்டுக்கு எடுத்துக்கொள்ளலாம், அந்தக் கிராமங்களுக்குள் விற்கலாம், வெளியாளுக்கு விற்கக் கூடாது. அதாவது உப்பு விளையலாம், ஆனால் வழியேறக் கூடாது. உப்பை ஆள்வது என்றால் பாதையை ஆள்வதுதான் என்று அரசாங்கத்துக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. அந்த வரி 1947இல்தான் போனது. புதுச்சேரி எல்லை 1954 நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறியதோடு பெயரளவுக் கோடாயிற்று.

தண்ணீரில் போட்ட சாலை

மரக்காணத்துக்கு இன்னொரு பெருமை உண்டு. பக்கிங்காம் கால்வாயின் தெற்கு முனை இதுதான். 1806இல் சென்னையிலிருந்து எண்ணூர் வரை கொக்ரேன் என்பவர் வெட்டிய சின்னக் கால்வாயாகத் தொடங்கியது. வடக்கே ஆந்திரத்தில் பெத்தகஞ்சாம் வரை, தெற்கே மரக்காணம் வரை படிப்படியாக நீண்டது. 1876–78 தாது வருடப் பஞ்சத்தில், கூலிக்கு மண் வெட்டவைத்து, சென்னை நகருக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் துண்டை முடித்தார்கள். அப்போதைய கவர்னர் பக்கிங்காம் பிரபு, அவர் பெயரையே வைத்தார்கள். வெட்டிய கைகளின் பெயர் எங்கும் இல்லை.

படகில் உப்பும் விறகும் நெல்லும் போயின. காற்று இல்லாதபோது கரையில் நடந்து கயிறு கட்டி இழுத்தார்கள். 1965, 1966 புயல்களுக்குப் பிறகு கால்வாய் பெரும்பாலும் கைவிடப்பட்டது. 2008இல் தேசிய நீர்வழி எண் 4 என்ற அறிவிப்பில் இதையும் சேர்த்தார்கள். படகுதான் இன்னும் வரவில்லை. ஆனால் படகை இழுத்தவர்கள் நடந்த கரை சில இடங்களில் மண் பாதையாக இன்னும் இருக்கிறது. அது பொதுவழியாக இருந்த பாதை. என் விதிப்படி சைக்கிள் ஓட்டலாம்.

கேரியரில் ஒரு மூட்டை

என் வயதுக்காரர்களுக்கு ஞாபகம் இருக்கும். "உப்போ...ய், உப்பு" என்று தெருவில் ஒரு குரல். கேரியரில் ஈர மூட்டை, ஹேண்டில் பாரில் தொங்கும் படி. கல்லுப்பு படிக் கணக்குதான். மூட்டையிலிருந்து சொட்டும் உப்புத் தண்ணீரில் சைக்கிளின் பின்பக்கம் முழுக்கத் துருப்பிடித்திருக்கும். 1949இல் அம்பத்தூரில் டிஐ சைக்கிள்ஸ் தொடங்கிய பிறகு ஹெர்குலிஸ் மாதிரி வண்டிகள் ஊர் ஊராக வந்தன. உமணர் வண்டிக்கும் கால்வாய்ப் படகுக்கும் அடுத்தபடியாக உப்பைச் சுமந்தது அந்தச் சைக்கிள்தான்.

பிறகு அயோடின் வந்தது. முன்கழுத்துக் கழலையைத் தடுக்க நல்ல நோக்கத்தோடு வந்த சட்டம். 2006 மே மாதத்திலிருந்து அயோடின் சேர்க்காத உப்பை நேரடியாகச் சாப்பிட விற்கக் கூடாது. பாக்கெட் உப்பு லாரியில் வந்தது, சைக்கிள் குரல் நின்றது. பொது சுகாதாரத்துக்கு அது சரியான முடிவு என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் அந்தச் சைக்கிள்காரருக்கு யாரும் மாற்று வழி சொன்னதாகத் தெரியவில்லை.

ஆக, இந்தக் கடற்கரையில் சைக்கிள் என்பது வார இறுதியில் நகரத்திலிருந்து வந்த பொழுதுபோக்கு இல்லை. இங்கே அது ஒரு தொழிலின் கடைசி வாகனம். அந்த அம்மா வேலைக்கு வந்ததுகூடச் சைக்கிளில் யாராவது கொண்டுவந்து விட்டுத்தான் இருக்கும். உப்பள ஓரத்தில் ஏழெட்டு சைக்கிள்கள் எப்போதும் சாய்ந்திருக்கும். கவனித்தீர்களா, ஒன்றுகூட வரப்பு மேல் இருக்காது.

கிராவல் என்றால் என்ன?

இப்போது சைக்கிள் கடைகளில் கிராவல் பைக் என்று ஒன்று விற்கிறார்கள். ரோடு சைக்கிள் மாதிரி வளைந்த ஹேண்டில், ஆனால் 40 மில்லிமீட்டர் அகல டயர். அமெரிக்காவில் கான்சாஸ் புல்வெளிகளில் 2006இல் தொடங்கி, இன்று அன்பவுண்ட் என்று பெயர் மாறியிருக்கும் பந்தயம் போன்றவைதான் இந்த மோகத்தைப் பரப்பின. நம் வானூர் வட்டத்தில் கிராவல் என்று சொல்லிப் பாருங்கள், எல்லோருக்கும் தெரியும். வீட்டு மனையை மேடாக்க லாரியில் கொட்டும் செம்மண்ணுக்குத்தான் இங்கே கிராவல் என்று பெயர். கிராவல் குவாரி, கிராவல் லோடு. நகரத்துக்காரன் ஓட்டத் தேடி வருகிற மண்ணை இங்கே லோடு கணக்கில் வெட்டி எடுக்கிறார்கள்.

இத்தாலியில் இதற்கு ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. டஸ்கனியில் வெள்ளை மண் சாலைகள் எல்லாம் தாராகிக்கொண்டிருந்தன. 1997இல் லெரோய்கா என்று ஒரு பழங்காலச் சைக்கிள் ஓட்டம் தொடங்கினார்கள். பழைய சைக்கிள், பழைய சட்டை, மண் சாலை. நோக்கமே அந்தச் சாலைகளைக் காப்பாற்றுவது. அதிலிருந்துதான் 2007இல் ஸ்ட்ராடே பியாங்கே என்ற தொழில்முறைப் பந்தயம் வந்தது. ஓட்டுகிறவர்கள் வருவதாலேயே ஒரு பாதை பிழைத்தது அங்கே. இங்கே நான் ஆள் அனுப்பி ஒரு வரப்பு உடைந்தது. வித்தியாசம் ஒன்றுதான். அவர்கள் தேர்ந்தெடுத்தது சாலை.

அப்படியானால் எங்கே ஓட்டலாம்?

அந்த விதிப்படி மூன்று பாதைகளைத் திரும்ப வரைந்திருக்கிறேன். எல்லாம் பெரிய முதலியார்சாவடியிலிருந்து.

ஒன்று, கடலோரத் தார்ச் சாலை. காலாப்பட்டு, கீழ்புத்துப்பட்டு, கூனிமேடு வழியாக மரக்காணம். போக வர 50 கிலோமீட்டர் சுமார். கீழ்புத்துப்பட்டில் ஐயனார் கோயில் காட்டை நின்று பாருங்கள். இந்தக் கடற்கரை முழுக்க ஒரு காலத்தில் இருந்த உலர் பசுமைமாறாக் காட்டின் துண்டு அது. சாமிக்குப் பயந்து மிஞ்சியது. கூனிமேட்டில் 1680களில் ஆங்கிலக் கம்பெனிக்கு ஒரு பண்டகசாலை இருந்தது. மரக்காணத்தில் சோழர் காலப் பூமீஸ்வரர் கோயில். உப்பளம் சாலையிலிருந்தே நன்றாகத் தெரியும், இறங்க வேண்டிய அவசியமே இல்லை. கால் வலிக்காதவர்கள் இன்னும் வடக்கே போய் ஆலம்பரைக் கோட்டையைப் பார்க்கலாம். 1750இல் டூப்ளேக்குக் கிடைத்து, 1760இல் ஆங்கிலேயர் இடித்த செங்கல் கோட்டை, கழிமுகத்தைப் பார்த்தபடி நிற்கிறது. விடியற்காலை 5 மணிக்குக் கிளம்பி 9 மணிக்குள் திரும்பிவிடுங்கள். அதற்குமேல் பஸ்ஸும் காரும் உங்களை மனிதனாக மதிக்காது.

இரண்டு, செம்மண் பாதை. குயிலாப்பாளையம், இடையஞ்சாவடி, இரும்பை. 1968இல் ஆரோவில் தொடங்கியபோது இந்த மேடு ஏறக்குறைய மொட்டை, மழை பெய்தால் செம்மண் கரைந்து கடலே சிவக்கும் என்பார்கள். கரை கட்டி, மரம் நட்டு இன்று காடாகியிருக்கிறது. மழை அறுத்த பள்ளங்களைப் பொம்மையார்பாளையம் பக்கம் இன்னும் பார்க்கலாம். இரும்பை மாகாளம் சம்பந்தர் பாடிய தலம். இங்கேயும் தனியார் நிலம், சமூக நிலம் என்று பலகை இருக்கும். மதியுங்கள். ஊர் வழியாகப் போகும் மண் சாலையே போதுமான அளவு இருக்கிறது.

மூன்று, வானூர் வழியாகத் திருவக்கரை. 1940இல் இந்திய நிலவியல் துறை பாதுகாத்த கல்மரப் பூங்கா. சுமார் 2 கோடி வருடத்துக்கு முந்தைய மரங்கள், கல்லாகிக் கிடக்கின்றன. 1780களிலேயே சொன்னெரா என்ற பிரெஞ்சுக்காரர் இவற்றைப் பற்றி எழுதியிருக்கிறார். சுற்றிலும் கல்குவாரிகள், டிப்பர் லாரிகள். அதனால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் போங்கள்.

சேர்க்காமல் விட்டது கழுவேலி. 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது, பரப்பு 5,000 ஹெக்டேருக்கு மேல். 2024 ஆகஸ்டில் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. அதன் உள் கரைகள் கிராவல் சைக்கிளுக்கென்றே செய்த மாதிரி இருக்கும். தெரியும். ஆனால் குளிர்காலத்தில் ஆயிரக்கணக்கான மைல் பறந்து வந்து இறங்குகிற பறவைக்கும் அது சாவடி. சரணாலயத்துக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் போகக் கூடாது என்பது சட்டம். சாலையில் நின்று பைனாகுலரில் பாருங்கள்.

பருவம்: டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை ஓட்டச் சுகம். ஐப்பசி, கார்த்திகை வேண்டாம். 2020இல் நிவர் மரக்காணத்துக்கு அருகில் கரை கடந்தது, 2024இல் ஃபெஞ்சல் புதுச்சேரியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் கொட்டியது. உப்பு வெள்ளையாக இருப்பதைப் பார்க்க வேண்டுமானால் பிப்ரவரிக்குப் பிறகு வாருங்கள், மழைக்காலத்தில் உப்பளம் வெறும் ஏரி. வாடைக் காற்றில் வடக்கே போவது கஷ்டம், அதனால் போகும்போது எதிர்காற்று, வரும்போது பின்காற்று என்று திட்டமிடுங்கள்.

கரைந்துகொண்டிருக்கும் பாதை

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். நான் குடிவந்தபோது எங்கள் ஊர்க் கடற்கரையில் காலையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடப்பேன். இப்போது அந்த மணல் இல்லை. 1980களின் பிற்பகுதியில் புதுச்சேரித் துறைமுகத்துக்கு அலைத்தடுப்புச் சுவர் கட்டினார்கள். நம் கிழக்குக் கடற்கரையில் வருடத்தின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். சுவர் அதை மறித்தது. தெற்கே மணல் சேர்ந்தது, வடக்கே கடல் தின்னத் தொடங்கியது. முதலில் புதுச்சேரி நகரக் கடற்கரை, பிறகு கோட்டக்குப்பம், சின்ன முதலியார்சாவடி, எங்கள் ஊர், பொம்மையார்பாளையம். ஒரு ஊரைக் காக்கக் கல்லைக் கொட்டினால் அடுத்த ஊரில் அரிப்பு கூடும். மீனவர்கள் வலை காயவைத்த இடம், படகு ஏற்றிய இடம், நடந்த வழி எல்லாம் தண்ணீருக்குள்.

மணலும் ஒரு வழியில் போய்க்கொண்டிருந்தது. அந்த வழியை மறித்தவர்களுக்கும் தவறு செய்கிறோம் என்ற எண்ணம் இருந்திருக்காது. வரைபடத்தில் ஒரு கோடு போட்டார்கள், அவ்வளவுதான். நானும் அதைத்தான் செய்திருந்தேன், சின்ன அளவில்.

கோப்பை எடுத்த பிறகு இரண்டு மாதம் கழித்து மறுபடி மரக்காணம் போனேன். சைக்கிளைச் சாலையோர டீக்கடையில் சாய்த்துவிட்டு, மேஸ்திரியிடம் கேட்டுக்கொண்டு நடந்தே உள்ளே போனேன். அந்த அம்மா இருந்தார். என்னை ஞாபகம் இல்லை. அந்தப் பத்துப் பேருக்கு வழி போட்டுக் கொடுத்தது நான்தான் என்று சொன்னேன். ஒரு நிமிடம் என்னையே பார்த்தார்.

"போனு சொல்ற வழியா?"

"ஆமாம்மா. எடுத்துட்டேன்."

"சரி, வுடு" என்றார். "பனந்தோப்பாண்ட கால்வா கரை இருக்குது பாரு, அங்க வுடச் சொல்லு. யாருக்கும் தொந்தரவு இல்ல."

அந்தக் கால்வாய்க் கரை, 4 கிலோமீட்டர், முதல் பாதையில் கிளை வழியாகச் சேர்த்திருக்கிறேன். ஓட்டிப் பார்த்துவிட்டு, எங்காவது யாருடைய வேலைக்காவது குறுக்கே போகிறது என்று தோன்றினால் எனக்கு எழுதுங்கள். உடனே மாற்றிவிடுகிறேன்.